புது நாட்டில் பால் சரிப்படவில்லையா? அறிகுறியிலிருந்து ஆரம்பியுங்கள்

நாடு மாறி வந்த முதல் மாதத்தில் நான் ஏழு விதமான பால் வாங்கினேன், ஏழிலும் ஏதோ ஒரு குறை. ஒன்று தண்ணீர், ஒன்றில் வெந்த வாடை, ஒன்று சர்க்கரை போடாமலேயே இனித்தது, இன்னொன்று காபியில் ஊற்றிய நொடியில் திரிதிரியாகப் பிரிந்து மேலே மிதந்தது (அது பாலே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது, அந்தக் கதை கீழே வருகிறது). ஒவ்வொரு தடவையும் நான் செய்தது ஒரே காரியம்: அடுத்த முறை வேறு கம்பெனிப் பாலை எடுப்பது, அதுவும் போன தடவையைவிட விலை கூடியதாகப் பார்த்து எடுப்பது. காசு போனதுதான் மிச்சம்.

பால் ருசியில் கம்பெனிப் பெயருக்கு இருக்கும் பங்கு ரொம்பக் கொஞ்சம். கொழுப்பு எவ்வளவு, எந்தச் சூட்டில் காய்ச்சி அடைத்தார்கள், அடைத்து எத்தனை நாளாச்சு, இந்த மூன்றும்தான் நாக்கில் முதலில் தெரியும். ஒரே கம்பெனியின் இரண்டு வகைப் பாலுக்கு நடுவே இருக்கிற வித்தியாசம், ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு கம்பெனிப் பாலுக்கு நடுவே பெரும்பாலும் இருக்காது. அதனால் பெயரை மாற்றுவதற்கு முன்னால் இந்த மூன்றில் எது உதைக்கிறது என்று கண்டுபிடியுங்கள். உங்கள் பாலுக்கு எந்தத் தலைப்பு பொருந்துகிறதோ நேராக அங்கே போகலாம்.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. நம்மில் பலருக்கு நினைவில் இருக்கும் பால் ருசி என்பது காய்ச்சிய பாலின் ருசி, பெரும்பாலும் சர்க்கரையும் சேர்ந்த ருசி. பாக்கெட்டைத் திறந்து சில்லென்று ஒரு வாய் குடித்துவிட்டு "இது பாலே இல்லை" என்று முடிவு கட்டினால் அந்தப் பாலுக்கு நியாயம் செய்ததாகாது. ஒரு டம்ளரைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவைத்து, எதுவும் கலக்காமல் குடித்துப் பாருங்கள். அப்படியும் பிடிக்கவில்லையா, சரி, மேலே படியுங்கள்.

தண்ணீர் மாதிரி இருக்கிறது

அதிகம் பேர் சொல்லும் புகார் இதுதான், எளிதாகத் தீர்வதும் இதுதான். பாக்கெட்டின் பக்கவாட்டில் இருக்கும் சத்து அட்டவணையில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் கொழுப்பு என்று பாருங்கள். 3.25 முதல் 3.5 அல்லது அதற்கு மேல் என்றால் முழுப்பால். 1.5 முதல் 2 வரை இருந்தால் பாதிக் கொழுப்பு எடுத்தது. 0.5 அல்லது அதற்கும் கீழே என்றால் கொழுப்பு நீக்கிய பால், அதைக் குடித்துவிட்டுத் தண்ணீர் என்று சொன்னால் தப்பு உங்கள் மேல்தான்.

மூடியின் நிறத்தை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். ஒரு நாட்டில் சிவப்பு மூடி முழுப்பால், இன்னொரு நாட்டில் அதே சிவப்பு மூடி கொழுப்பு சுத்தமாக நீக்கிய பால். பழகிய நிறத்தைக் கை தானாகப் போய் எடுத்துவிடும். நான் இரண்டு வாரம் அப்படித்தான் எடுத்தேன். எழுத்து புரியாத மொழியாக இருந்தாலும் எண் எண்தான், அதைப் படிக்க அகராதி வேண்டாம்.

முழுப்பால் கிடைக்கவில்லை, அல்லது வீட்டில் ஒருவருக்குப் பாதிக் கொழுப்புதான் வேண்டும் என்றால், தனியாகக் கிரீம் வாங்கி உங்கள் பங்கில் மட்டும் கலந்துகொள்ளலாம். கணக்கு இப்படி: 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் என்றால், 1.5 சதவீதப் பால் ஒரு லிட்டரில் சுமார் 65 மில்லி ஊற்றினால் அது 3.5 சதவீதத்துக்கு வந்துவிடும். 2 சதவீதப் பாலுக்கு 50 மில்லிக்குக் கொஞ்சம் கீழே போதும். கிரீம் பாக்கெட்டில் சர்க்கரையோ கெட்டிப்படுத்தும் பொருளோ இல்லையா என்று பார்த்து வாங்குங்கள். பால் சூடாக இருக்கும்போது ஊற்றிக் கலக்கினால் எளிதாக ஒன்றாகச் சேரும்.

3.5 சதவீதப் பாலே தண்ணீராகத் தெரிகிறது என்றால், நீங்கள் இதுவரை குடித்து வளர்ந்தது எருமைப் பாலோ எருமைப்பால் கலந்த பாலோவாக இருக்கலாம். எருமைப் பாலில் கொழுப்பே 6 முதல் 8 சதவீதம் வரை இருக்கும், புரதமும் பசும்பாலைவிட அதிகம். அந்தத் திடம் எந்தக் கம்பெனிப் பசும்பாலிலும் கிடைக்காது, தேடி அலைய வேண்டாம். முழுப்பால் ஒரு லிட்டருக்கு 85 மில்லி கிரீமும், இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால்பவுடரும் கலந்து காய்ச்சிப் பாருங்கள். பவுடர் எதற்கு என்றால், கிரீம் கொழுப்பைத்தான் கூட்டும், வாயில் தெரியும் கனத்தில் புரதத்துக்கும் பங்கு உண்டு. அதேதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போக மாட்டீர்கள்.

"காய்ச்சினால் ஏடே கட்டவில்லை, இதில் ஏதோ கலப்படம்" என்பது இதன் தம்பிப் புகார். கலப்படம் எதுவும் இல்லை. கொழுப்புத் துளிகளை மிகுந்த அழுத்தத்தில் சிறு துவாரம் வழியாகத் தள்ளி உடைத்துவிடுகிறார்கள், துளி அவ்வளவு சின்னதானால் மேலே வந்து சேராது, பாலிலேயே மிதந்துகொண்டிருக்கும். மெல்லிசாக ஒரு தோல் படியும், கெட்டி ஏடு வராது. ஏடு வேண்டுமென்றால் 'ஹோமோஜினைஸ்' செய்யாதது என்று எழுதியிருக்கும் பாலைத் தேட வேண்டும், அது எல்லா இடத்திலும் கிடைக்காது, கிடைத்தால் விலை கூடுதலாகத்தான் இருக்கும்.

வெந்த வாடை, பால்பவுடர் வாடை

இது சூட்டின் வேலை. சாதாரண பாஸ்டரைஸ் பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கிக் குளிர்விக்கிறார்கள். நீண்டநாள் பாலை, அதாவது யூஹெச்டி பாலை, 135 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்ச் சில விநாடிகள் வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் பாலில் உள்ள ஒரு புரதம் குலைந்து கந்தகச் சேர்மங்கள் வெளியே வரும், வெந்த வாடை என்று நாம் சொல்வது அதுதான். பதிலுக்கு அந்தப் பால் திறக்காமல் வெளியிலேயே மாதக்கணக்கில் கிடக்கும். சில நாடுகளில் இதுதான் சாதாரணப் பால், ஃபிரிட்ஜ் பாலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வெளி அலமாரியில் அடுக்கியிருந்தால் யூஹெச்டி என்று எவருக்கும் தெரியும். மாட்டிக்கொள்வது ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் பாலில்தான். அங்கே இருப்பது எல்லாம் பாஸ்டரைஸ் பால் இல்லை. நடுவில் ஒரு ரகம் உண்டு, பாஸ்டரைஸைவிடச் சூடு அதிகம், யூஹெச்டியைவிடக் குறைவு. அட்டையில் புதுப்பால் என்று பெரிதாக எழுதியிருக்கும், பசு ஒன்று புல்வெளியில் நிற்கும், ருசி மட்டும் லேசாக வெந்திருக்கும். இதைப் பிடிக்கத் தேதிதான் எளிய வழி. இன்றிலிருந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் கெடு முடிகிறதென்றால் பெரும்பாலும் பாஸ்டரைஸ். மூன்று நான்கு வாரம் என்றால் அந்த நடு ரகம். இதிலேயே சூட்டை ஏற்றாமல் நுண்ணிய வடிகட்டியில் கிருமிகளைப் பிரித்து எடுப்பதும் உண்டு, அதன் ருசி பாஸ்டரைஸுக்குக் கிட்ட வரும், எனக்குப் பிடித்தும் இருந்தது. அதனால் நடு ரகம் என்று தெரிந்ததுமே ஒதுக்க வேண்டாம், ஒரு முறை வாங்கிப் பாருங்கள்.

உங்கள் இடத்தில் யூஹெச்டி மட்டும்தான் என்றால் அதைத் தனியாகக் குடிக்காதீர்கள், காட்டமான காபி டீயில் அந்த வாடை பாதிக்கு மேல் அமுங்கிவிடும். அப்புறம், தேதியின் கடைசி மாதத்தில் இருப்பதைச் சலுகை விலை என்று அள்ளாதீர்கள். நாளாக நாளாக வெந்த வாடை குறையும் என்பது நிஜம், ஆனால் அதன் இடத்தில் பழசான ஒரு மக்கல் ருசி ஏறிவிடும்.

பவுடர் வாடைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: அது நிஜமாகவே பவுடராக இருக்கலாம். பவுடரில் தண்ணீர் சேர்த்து மறுபடி பாலாக்கி விற்பது பல நாடுகளில் சட்டப்படி சரிதான், சேர்மானப் பட்டியலில் எழுதியிருக்கும். பட்டியலில் 'பால்' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தால் நல்லது. தாவர எண்ணெய் என்று ஒரு வார்த்தை தென்பட்டால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள், அது பால் மாதிரி ஒன்று. செல்போன் கேமராவை நீட்டினால் மொழிபெயர்த்துவிடும், கடையில் நின்று அதைச் செய்யக் கூச்சப்படாதீர்கள்.

அட்டை வாடை, பழைய எண்ணெய் வாடை

தேதி இருக்கிறது, புளிக்கவும் இல்லை, ஆனால் நனைந்த அட்டைப் பெட்டியை நக்கின மாதிரி இருக்கிறது. வெளிச்சம் பட்ட பால் இது. பாலில் இருக்கும் ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு புரதத்தையும் கொழுப்பையும் கெடுத்துவிடும். கடை ஃபிரிட்ஜின் குழல்விளக்கே இதற்குப் போதும். ஒளி ஊடுருவும் புட்டிதான் முதலில் மாட்டும், கண்ணாடிப் புட்டியில் அழகாக இருக்கிறதே என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்கள் இதைப் படித்துக் கொஞ்சம் நொந்துகொள்ளலாம்.

ஒளி புகாத அட்டைப் பெட்டியில் இருப்பதை எடுங்கள். அது இல்லையென்றால் வரிசையில் பின்னால் இருக்கும் புட்டி. கைவிட்டு எடுக்கும்போது முன்னால் இருப்பது சரிந்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

காபியில் ஊற்றினால் திரிகிறது

என் கதை இது. வந்த மூன்றாவது நாள், அலமாரியில் பால் வரிசையிலேயே, பால் பெட்டி மாதிரியே ஒரு பெட்டி, மேலே பசுப் படம், விலையும் குறைவு. இரண்டு எடுத்து வந்தேன். காலையில் சூடான காபியில் ஊற்றினேன், வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பிரிந்து மேலே வந்தது. கெட்டுப்போன பாலை விற்றுவிட்டார்கள் என்று அன்று முழுக்கக் கடுப்பு. இரண்டாவது பெட்டியைத் திறந்து கரண்டியில் எடுத்தபோதுதான் கெட்டியாக வழிந்தது, நாக்கில் வைத்தால் புளிப்பு. புளிக்கவைத்த பால். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. பால் அலமாரியில் பெட்டியை லேசாகக் குலுக்கிப் பாருங்கள், பால் என்றால் தளதளவென்று சத்தம் கேட்கும், கெட்டியானதில் மந்தமாக ஒரு அசைவு மட்டும் இருக்கும்.

நிஜமான பாலே திரிந்தால் காரணம் புளிப்பும் சூடும் கைகோர்ப்பது. நல்ல பாலின் பி.எச். 6.7 பக்கம் இருக்கும், காபி 5 பக்கம். திறந்து சில நாளான பாலில் புளிப்பு ஏறத் தொடங்கியிருக்கும், மூக்குக்கு இன்னும் தெரியாது, ஆனால் கொதிக்கும் காபி பட்டதும் காட்டிக்கொடுத்துவிடும். பாலைச் சூடாக்கி அதில் காபியை ஊற்றிப் பாருங்கள், காபியை ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். லேசாக வறுத்த காபிக்கொட்டையில் புளிப்பு அதிகம், கருக வறுத்ததில் குறைவு, புதுப்பால் ஊற்றியும் திரிகிறதென்றால் கொட்டையை மாற்றிப் பாருங்கள்.

தானாக இனிக்கிறது

லாக்டோஸ் நீக்கிய பாலை எடுத்து வந்திருக்கிறீர்கள். பாலில் உள்ள சர்க்கரையை ஒரு நொதி குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் உடைத்துவிடுகிறது. மொத்தச் சர்க்கரை அதேதான், நாக்குக்கு மட்டும் அதிகமாக இனிக்கும். வயிறு கேட்டால் வாங்குங்கள், கேட்காவிட்டால் கூடுதல் காசு எதற்கு. இந்தப் பால் காய்ச்சும்போது சீக்கிரம் பழுப்பேறும், அடிப்பிடிப்பது இதில்தான் என்றால் தீயைக் குறையுங்கள், வேறு ஒன்றுமில்லை.

தயிர் உறையவில்லை, உறைந்தாலும் கொழகொழ என்கிறது

முதல் சந்தேகம் பால் மேல் போகும், பாதி நேரம் குற்றவாளி சமையலறைக் குளிர். தயிர் உறையும் பாக்டீரியாவுக்கு 40 முதல் 45 டிகிரி பிடிக்கும். 18 டிகிரி சமையலறையில் மேடை மேல் வைத்துவிட்டு விடிந்ததும் திறந்தால் பால் பாலாகத்தான் இருக்கும். பற்றவைக்காத ஓவன் அடுப்புக்குள் அதன் விளக்கை மட்டும் போட்டு வையுங்கள், இல்லையென்றால் பாத்திரத்தைக் கனமான துண்டில் சுற்றி, பக்கத்தில் வெந்நீர்ப் புட்டி ஒன்று வைத்து ஒரு டப்பாவுக்குள் மூடுங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரம், நடுவில் திறந்து ஆட்டிப் பார்க்காமல்.

உறைகிறது ஆனால் இளகலாக இருக்கிறது என்றால் அப்போது பாலைப் பார்க்கலாம். யூஹெச்டி பாலில் தயிர் உறையும், ஆனால் கத்தியால் வெட்டும்படி வராது. பாஸ்டரைஸ் பாலை ஒரு கொதி வந்ததும் இறக்காமல், 85 டிகிரிக்கு மேலேயே பத்து முதல் முப்பது நிமிடம் சிறு தீயில் வையுங்கள். அந்தச் சூட்டில் மோர்ப்புரதம் குலைந்து மற்றப் புரதத்தோடு பிணைந்துகொள்ளும், தயிரின் கெட்டி அங்கிருந்துதான் வருகிறது. இரண்டு மேசைக்கரண்டி பால்பவுடர் இங்கேயும் கைகொடுக்கும்.

உறைமோருக்குக் கடைத்தயிரை எடுத்தால் உயிருள்ள பாக்டீரியா இருப்பதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உறைந்தபின் மறுபடி சூடாக்கி விற்கும் தயிரும் உண்டு, அதை எவ்வளவு ஊற்றினாலும் ஒன்றும் நடக்காது. நான் ஒரு முறை அரை டப்பா ஊற்றியும் நடக்கவில்லை.

பாலைத் திரித்துப் பனீர் எடுப்பவர்களுக்கு ஒரு வரி: யூஹெச்டியில் முயற்சி செய்யாதீர்கள், மாவு மாவாகப் பிரிந்து துணியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

தேதிக்கு முன்பே கெடுகிறது

பால் உங்கள் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது, பந்தயம். கதவு திறக்கும்போதெல்லாம் சூடாகும் இடம் அதுதான், புட்டி வைக்கவென்றே அங்கே தட்டு வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். உள்ளே கீழ்த்தட்டில் பின்பக்கம் தள்ளி வையுங்கள், ஃபிரிட்ஜ் 4 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்கட்டும். அட்டையில் இருக்கும் தேதி திறக்காத பாலுக்கு. யூஹெச்டி பாலும் திறந்துவிட்டால் மற்றப் பால் மாதிரிதான், வெளியே வைத்தால் கெடும்.

பெரிய கேன் மலிவாகக் கிடைத்து முடிக்க முடியவில்லை என்றால் உறைய வையுங்கள். பால் உறையும்போது பருக்கும், புட்டியில் மேலே இடம் விடாவிட்டால் வெடித்துவிடும். இளக்குவது ஃபிரிட்ஜுக்குள்ளேயே, ஒரு நாள் ஆகும். இளகியபின் கொழுப்பு துணுக்குகளாகப் பிரிந்து நிற்கும், நன்றாகக் குலுக்கிக் காய்ச்சிவிட்டால் டீயில் வித்தியாசம் தெரியாது. சும்மா குடிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

ருசி சரி, விலை கட்டுப்படியாகவில்லை

பெட்டியின் விலையைப் பார்க்காதீர்கள், லிட்டர் விலையைப் பாருங்கள், பல கடைகளில் விலைச்சீட்டின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். 750 மில்லி, 900 மில்லி, இரண்டு லிட்டர் என்று அளவை மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள், மனக்கணக்கு உதவாது.

அடுத்தது கடையின் சொந்தப் பெயரில் விற்கும் பால். கொழுப்பும் சூடும் தேதியும் ஒன்றாக இருந்தால் அதை எடுக்கத் தயங்க வேண்டாம். பல நாடுகளில் பெட்டியின் மேல் பால் ஆலையின் எண் ஒன்று சின்னதாக அச்சிட்டிருக்கும். விலை கூடிய பாலையும் கடைப் பாலையும் பக்கத்தில் வைத்து அந்த எண்ணைப் பாருங்கள், சில நேரம் இரண்டிலும் ஒரே எண் இருக்கும். அப்படி இருந்தால் இரண்டும் ஒரே ஆலையிலிருந்து வந்தவை. உள்ளே இருப்பது அச்சாக ஒன்றேதான் என்று அதனால் ஆகிவிடாது, ஆனால் என் நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஏ2 என்று போட்ட பால், பாலில் இருக்கும் ஒரு புரதத்தின் வகையைச் சொல்கிறது, ருசிக்காக அதற்கு இரட்டை விலை தர வேண்டியதில்லை. ஜெர்சி, கெர்ன்சி பசுக்களின் பால் என்று எழுதியிருந்தால் அதற்குக் கொடுக்கலாம், கொழுப்பு இயல்பாகவே அதிகம், லேசாக மஞ்சளடிக்கும், குடித்தால் தெரியும். ஆர்கானிக்கில் மாடு தின்னும் தீவனத்தால் ருசி மாறலாம், ஆனால் அதிலும் யூஹெச்டி உண்டு, தேதியைப் பாருங்கள்.

பண்ணையில் கறந்த பச்சைப்பால் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் அங்கே அதை விற்கச் சட்டம் விடுகிறதா என்று கேளுங்கள். வாங்கினாலும் பொங்கக் காய்ச்சாமல் ஒரு சொட்டுக்கூட வேண்டாம், குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் காய்ச்சும்வரை காட்டவே வேண்டாம்.

கையில் காசே இல்லாத மாதம் என்றால் முழுக்கொழுப்புப் பால்பவுடர். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 130 கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில் அடித்துக் கலக்கி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கலக்கிய உடனே குடித்தால் சுண்ணாம்பு மாதிரி இருப்பது காலையில் பெருமளவு போய்விடும்.

எதுவுமே பொருந்தவில்லை

பாலைத் தனியாகக் குடியுங்கள். தனியாக நன்றாக இருந்து காபி டீயில் மட்டும் உதைத்தால் தண்ணீரையோ தூளையோ பாருங்கள், குழாய்த் தண்ணீரின் உப்பு டீயையே மாற்றிவிடும். பாத்திரத்தில் சோப்பு வாடை நிற்கிறதா என்றும் ஒரு முறை முகர்ந்து பாருங்கள்.

அதன்பிறகும் சந்தேகம் என்றால் மூன்று டம்ளரில் மூன்று பால், ஒரே சூட்டில், டம்ளருக்கு அடியில் பென்சிலால் எண். ஊற்றியவர் குடிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் மகள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சுற்று குடித்தாள், இரண்டு சுற்றிலும் 2 என்றாள். 2, நான் முதல் வாரமே தண்ணீர் என்று ஒதுக்கிய கடைப் பாலின் முழுக்கொழுப்பு ரகம். இப்போது அதுதான் வருகிறது, வாரத்துக்கு இரண்டு கேன், ஒன்று ஃபிரீசருக்கு.